தலைகீழாக நட்ட ஈர்க்குமாறு

மழை கொட்டித் தீர்க்கிற ஜனவரி மாதத்தில் திறந்தவெளியில் விழா வைக்கிறவரை என்னவென்று சொல்வது? பல்கலைக்கழகத்தில் எல்லோருக்கும் ஒரு வார்த்தை நாக்கு நுனியில் இருந்தது. ஆனால் பொதுப்பிரிவுத் தலைவர் ஹெந்தார்தோவின் முகத்துக்கு நேரே 'பாக்', அதாவது ஐயா, என்றார்களே தவிர அதை யாரும் சொல்லவில்லை. மண்டபத்துக் கூரை ஓடு மாற்றும் வேலை ஆறு மாதமாக முடியாமல் கிடந்தது. பல்கலைக்கழகத்துக்கே தலைமையான ரெக்டராகப் புதிதாக வருகிறவரோ பேராசிரியர் சுலிஸ்தியா. இருபத்திரண்டு வருஷம் ஜப்பானில் இருந்து மேகங்களை ஆராய்ந்து பெரிய பெயர் எடுத்த அம்மா. அப்படிப்பட்டவரை ஒழுகுகிற மண்டபத்தில் உட்கார வைத்து வரவேற்க முடியுமா? அதனால் மண்டபத்துக்கு எதிரே இருந்த புல்வெளியில் மேடை எழும்பியது. மூவாயிரம் நாற்காலிகள் வந்து இறங்கின. கமெலான் வாத்தியக்காரர்களுக்கென்று தனியாகப் பலகை போட்டார்கள். மழை வந்தால் என்ன செய்வது என்று கேட்டவர்களுக்கு ஹெந்தார்தோ ஒரே பதில்தான் வைத்திருந்தார்.

"அதான் வாகிமின் இருக்கானே."

வாகிமின் தோட்டக்காரன். பதினான்கு வருஷமாக ஒப்பந்த ஊழியன், வருஷா வருஷம் பட்டியலில் பெயர் இருக்கிறதா என்று பார்த்து மூச்சு விடுகிறவன். நாற்றுக் கொட்டகைக்குப் பின்னால் பல்கலைக்கழகம் கொடுத்த இரண்டு அறை வீட்டில் மனைவி துமினாவோடும் ஐந்து வயது மகள் ராத்மியோடும் குடியிருந்தான். பட்டியலில் பெயர் போனால் வீடும் போகும்.

அவன் மழையை வரவிடாமல் கட்டுகிறவன் ஆன கதை சிரிக்கத் தக்கது. பதினோரு வருஷத்துக்கு முன்னால் ஒரு பட்டமளிப்பு விழா. வழக்கமாக மழை கட்டும் கிழவர் அன்று வரவில்லை. வானம் இருட்டிக்கொண்டு வந்தது. வாகிமின் பெருக்கி முடித்து, ஈர்க்குமாறு காயட்டும் என்று தலைகீழாக மண்ணில் குத்தி வைத்தான். துமினா வாங்கி வரச் சொன்ன மிளகாயும் சின்ன வெங்காயமும் கையில் இருந்தன. கீழே வைத்தால் எறும்பு மொய்க்கும் என்று ஈர்க்கு நுனியில் ஒவ்வொன்றாகச் செருகினான். அந்த ஊரில் மழையைக் கட்டுவதற்கு அதுதான் முறை என்பது அவனுக்கும் தெரியும். ஆனால் அவன் நினைப்பெல்லாம் எறும்பைப் பற்றித்தான். பத்து நிமிஷத்தில் மேகம் கலைந்து வெயில் அடித்தது. பார்த்தவர்கள் சூழ்ந்துகொண்டார்கள். "இத்தனை நாளா இதை மறைச்சு வெச்சிருந்தியாடா" என்று அன்றைய ரெக்டரே தோளில் தட்டினார். ஒரு தார் வாழைப்பழம் கொடுத்து அனுப்பினார்கள். அப்போதே 'இல்லைங்க, எறும்புக்காக' என்று சொல்லியிருக்கலாம். வாழைத்தார் கனமாக இருந்தது, சொல்லவில்லை.

அதற்குப் பிறகு அவன் லாவு மலையைப் பார்க்கப் பழகிக்கொண்டான். ஒன்பது மணிக்குள் மலை தலையில் மேகத் தொப்பி போட்டால் இரண்டு மணிக்கு மழை. அதனால் யார் விழா வைத்தாலும் "காலையில வெச்சுக்குங்க, பிற்பகல்ல பிடிக்கிறது கஷ்டம்" என்பான். பாதி வெற்றி அதிலேயே வந்துவிடும். இரண்டு முறை பிசகியது. ஒரு முறை சமையல்காரர்கள் மேடைக்குப் பின்னால் பாத்திரம் கழுவியதால் மழை வந்தது என்று முடிவாயிற்று. இன்னொரு முறை வாகிமின் வீட்டுக் கொடியில் ஈரத்துணி தொங்கியதை ஹெந்தார்தோவே கண்டுபிடித்தார். மழை கட்டுகிறவன் குளிக்கக்கூடாது என்பது பழைய வழக்கம். அவன் வீட்டில் ஒருவரும் தண்ணீர் புழங்கக்கூடாது என்பது ஹெந்தார்தோ சேர்த்த சட்டம்.

விழாவுக்கு முந்தின நாள் காலையில் ஹெந்தார்தோ வீட்டுக்கே வந்துவிட்டார். கூடவே காவல்காரர் பாக் கிதோ, கையில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியோடு.

"மின், நாளைக்கு ரெண்டு மணிக்கு ஆரம்பம். அமைச்சகத்துலேருந்து வர்றவரோட விமானம் அப்பதான் வருது."

"பாக், ரெண்டு மணியா? காலையில வெச்சிருந்தா..."

"விமானத்தை நீ ஓட்டுறியா, நான் ஓட்டுறேனா? கேளு. புது ரெக்டர் வந்ததும் ஒப்பந்தப் பட்டியலை முழுசாத் திருத்தப் போறாங்க. முப்பது பேராவது போவாங்க. எழுதுறது நான்தான். நாளைக்கு அந்தம்மா நனையாம மேடையை விட்டு எறங்கினா உன் பேரு முதல்ல இருக்கும். நனைஞ்சா, நான் என்ன சொல்ல முடியும்னு நீயே யோசிச்சுக்க."

"சரிங்க பாக்."

"இப்பலேருந்து விழா முடியற வரைக்கும் உன் வீட்ல ஒரு சொட்டு தண்ணி தரையில விழக்கூடாது. குளிக்கறது, துவைக்கறது, கழுவறது ஒண்ணும் கிடையாது. குடிச்சுக்கலாம். சாப்பாடு கேண்டீன்லேருந்து இலையில கட்டி வரும். கிதோ வாசல்ல உக்காந்திருப்பாரு."

அவர் போன பிறகு கிதோ நாற்காலியை வாசலோரம் போட்டு உட்கார்ந்து கிராம்புச் சிகரெட்டைப் பற்றவைத்தார். நல்ல மனுஷன். "கோவிச்சுக்காதே மின். உள்ள தண்ணி சத்தம் கேட்டா வந்து சொல்லணும்னு உத்தரவு. நானும் அதே பட்டியல்லதான் இருக்கேன்" என்றார்.

அன்று மத்தியானம் ராத்மிக்குக் காய்ச்சல் கண்டது. காலையிலிருந்தே சோர்ந்து கிடந்தவள், டெம்பே என்கிற சோயாத் துண்டை ஒரு கடி கடித்துவிட்டுப் பாயில் சாய்ந்தாள். துமினா கழுத்தில் கை வைத்துப் பார்த்துவிட்டு உடனே தூக்கிக்கொண்டு சுகாதார நிலையத்துக்கு ஓடினாள். நர்ஸ் மருந்துப் புட்டி கொடுத்து, நிறையத் தண்ணீர் கொடு, காய்ச்சல் ஏறினால் வெதுவெதுப்பான தண்ணீரால் உடம்பைத் துடைத்துவிட்டுக்கொண்டே இரு என்று சொல்லி அனுப்பினாள்.

வீட்டுக்கு வந்ததும் துமினா பானையைத் திறந்து ஒரு துணியை எடுத்தாள். வாகிமின் அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டான்.

"துமி, வேண்டாம்."

"என்ன வேண்டாம்?"

"நாளைக்கு சாயங்காலம் வரைக்கும்தான். மருந்து குடிச்சிருக்கா இல்ல, எறங்கிடும்."

துமினா குரலைத் தாழ்த்தினாள். வாசலில் கிதோவின் சிகரெட்டுப் புகை ஜன்னல் வழியாக உள்ளே வந்துகொண்டிருந்தது.

"உங்களுக்கு மழை கட்டத் தெரியாதுன்னு இந்த உலகத்துல ரெண்டே பேருக்குத்தான் தெரியும். உங்களுக்கும் எனக்கும். அந்த ரெண்டு பேரும் இருக்கற வீட்ல, பெத்த பொண்ணைத் துடைக்கக்கூடாதுன்னா என்ன அர்த்தம் மாஸ்?" கோபத்திலும் புருஷனை மாஸ் என்றே மரியாதையாகக் கூப்பிட்டாள்.

"எனக்கும் தெரியும் துமி. துடைக்கறதால மழை வரப்போறதில்ல, துடைக்காததால நிக்கப்போறதும் இல்ல. ஆனா நாளைக்கு மழை வந்தா, ஏன் வந்துச்சுன்னு கேப்பாங்க இல்ல? தண்ணி தொட்டோம்னு தெரிஞ்சா தப்பு நம்ம மேல. தொடலேன்னா வேற யார் மேலயாவது போகும். நமக்கு இருக்கற ஒரே பிடி அதுதான்."

"யார் மேல போகும்? இந்தத் தடவை எந்தச் சமையல்காரனைப் பிடிச்சுக் கொடுப்பீங்க?"

அவன் பிடியைத் தளர்த்தவில்லை. அவள் துணியைப் பானை மேலேயே போட்டுவிட்டாள். பதினோரு வருஷத்தில் அவன் மேல் அவளுக்குக் கோபம் வந்ததுண்டு. அருவருப்பு வந்தது அன்றைக்குத்தான். அது அவனுக்கும் தெரிந்தது.

இரவு எப்படியோ கழிந்தது. மருந்துக்கு இறங்கிய காய்ச்சல் விடியும்போது மறுபடி ஏறியது.

எட்டு மணிக்கு வாகிமின் கொட்டகைப் பக்கம் வந்து ஈர்க்குமாறைத் தலைகீழாக நட்டான். மிளகாயும் வெங்காயமும் செருகினான். குளிக்காத உடம்பு அரித்தது. எதிரே லாவு மலை, அடிவாரத்துத் தேயிலைத் தோட்டங்கள் வரை பளிச்சென்று தெரிந்தது. ஒருவேளை தப்பித்துவிடலாம் என்று நினைத்தான். எட்டே முக்காலுக்கு மலை உச்சியில் சின்னதாக வெள்ளை ஒன்று வந்து உட்கார்ந்தது. ஒன்பது மணிக்கு அது நல்ல அகலமான தொப்பி. ஒன்பதரைக்கு மலையே இல்லை.

அவன் முட்டியைக் கட்டிக்கொண்டு அந்த ஈர்க்குமாறுக்குப் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டான். எனக்குத் தெரியாது என்று இன்றைக்குச் சொன்னால் பதினோரு வருஷமாக ஏமாற்றினாயா என்பார்கள். சொல்லாவிட்டால் இரண்டு மணிக்கு வானமே சொல்லிவிடும். எந்தப் பக்கம் திரும்பினாலும் கதவு ஒன்றுதான், அதுவும் வெளியே தாழ் போட்டது. போகிற மாணவிகள் சிலர், புதுப் பாத்திக் சட்டையும் தலையில் மல்லிகையுமாக, அவனைப் பார்த்துக் கை குவித்து, "நல்லா கட்டுங்க பாக், மேக்கப் அழிஞ்சிடும்" என்று சிரித்துக்கொண்டு போனார்கள்.

பதினோரு மணிக்கு உள்ளேயிருந்து துமினா கூப்பிட்டாள். சத்தம் போடவில்லை, பெயரைத்தான் சொன்னாள். அவன் எழுந்து ஓடினான்.

ராத்மி கண்ணைத் திறந்திருந்தாள். ஆனால் பார்க்கவில்லை. கோழி உள்ளே வந்துவிட்டது, விரட்டு, விரட்டு என்று சொல்லிக்கொண்டிருந்தாள். வீட்டில் கோழி ஏது? உதடு வெடித்திருந்தது. வாகிமின் நெற்றியில் கை வைத்தான், எடுத்துக்கொண்டான். துமினா அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள். கெஞ்சவும் இல்லை, திட்டவும் இல்லை. நீயே செய்கிறாயா, நான் செய்யட்டுமா என்று கேட்கிற பார்வை.

அவன் குழந்தையைத் தூக்கிக்கொண்டு குளியலறைக்குள் போனான். நேற்றிலிருந்து தொடாத தொட்டியில் தண்ணீர் நிறைந்து நின்றது. துமினா காலையில் தேநீருக்குக் காய்ச்சிய வெந்நீரைக் கலந்தாள். அவன் முதலில் துணியை நனைத்துத்தான் துடைத்தான். பிறகு பொறுமை போய்விட்டது. குவளையை எடுத்து, முதுகில், தலையில், காலில் என்று ஊற்றினான். தண்ணீர் தரையில் அடித்து, சாக்கடை வழியாக வெளியே ஓடியது. இந்த ஊரில் அதை விடப் பெரிய சத்தம் எதுவும் இல்லை என்று அவனுக்குத் தோன்றியது. அவன் அழுதுகொண்டிருந்தான். இதை நேற்றே செய்யாமல் போனோமே என்ற அழுகை அது.

"போதும் மாஸ், நடுங்கறா" என்று துமினா துண்டை நீட்டினாள்.

பத்து நிமிஷம் கழித்து ராத்மி "அம்மா" என்று சரியான ஆளைப் பார்த்துச் சொன்னாள். சர்க்கரை போட்ட மல்லிகைத் தேநீர் அரைக் குவளை குடித்தாள்.

வாகிமின் ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தான். சாக்கடை நீர் கிதோவின் நாற்காலிக் காலைச் சுற்றிக்கொண்டு போயிருந்தது. கிதோ காலிரண்டையும் நாற்காலி மேலே தூக்கி வைத்துக்கொண்டு சிகரெட் பிடித்துக்கொண்டிருந்தார். உள்ளே திரும்பிப் பார்க்கவில்லை.

"இன்னைக்கு அந்தம்மாகிட்ட சொல்லிடறேன் துமி" என்றான். "ஊரை ஏமாத்தலாம். மேகத்தைப் படிச்சவங்களை ஏமாத்த முடியாது. அவங்களே இவன் பொய்காரன்னு சொல்லிடுவாங்க. அதுக்கு முன்னால நானே சொல்லிடறேன். பெருக்கறதுக்கு மட்டும் வெச்சுக்கிட்டா இருக்கலாம். இல்லேன்னா உங்க அக்கா ஊருக்குப் போயிடலாம்."

"மறக்காம சொல்லுங்க" என்றாள் துமினா. அவள் முகத்தில் நேற்றிலிருந்து இல்லாத ஏதோ ஒன்று திரும்பி வந்திருந்தது.

இரண்டு மணிக்கு விழா தொடங்கியது. வாகிமின் மேடைக்குப் பக்கத்தில், எல்லோரும் தன்னைப் பார்க்கிற மாதிரி நிறுத்தி வைக்கப்பட்டிருந்தான். வானம் மேற்கே கறுத்து, ஆறு வரைக்கும் வந்து நின்றது. கமெலான் ஆரம்பித்தது. பெண்கள் ஆடிக்கொண்டே முன்னால் வர, நடுவில் புது ரெக்டர் நடந்து வந்தார். குள்ளமான அம்மா, நரைத்த குட்டை முடி, கையில் மடக்கிய குடை. ஆட்டத்தைப் பார்க்காமல் வானத்தைப் பார்த்துக்கொண்டே வந்ததில், மாலை போட வந்த பெண்மேல் இடித்துக்கொண்டார். மழைக்காற்று மண்வாசனையோடு வந்து மேடைத் துணியைத் தூக்கி அடித்தது. ஹெந்தார்தோ திரும்பி வாகிமினைப் பார்த்த பார்வையில் பட்டியலும் வீடும் எல்லாம் இருந்தன.

மழை வந்தது. ஆற்றுக்கு அந்தப் பக்கம் கொட்டியது. கரும்பு வயல்கள் வெள்ளையாக மறைவது மேடையிலிருந்தே தெரிந்தது. இந்தப் பக்கம் ஒரு தூறல்கூட இல்லை. நாலு பேச்சு, இரண்டு பாட்டு, விழா வழக்கப்படி மஞ்சள் சோற்றுக் கூம்பின் உச்சியை வெட்டிக் கொடுத்தது எல்லாம் முடிந்து, நாற்காலிகள் உலர்ந்தே இருந்தன. மூவாயிரம் பேரும் கலையும்போது வாகிமின் இருந்த பக்கம் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டு போனார்கள்.

அவர்களுக்குத் தெரியாத ஒன்று அவனுக்குத் தெரியும். அவன் வீட்டில் குவளை குவளையாகத் தண்ணீர் ஊற்றியாயிற்று. இதுவரை அவன் மனசின் ஒரு மூலையில், ஒருவேளை நமக்கே தெரியாமல் ஏதாவது இருக்குமோ என்று ஒரு சின்ன ஆசை இருந்தது. இன்றைக்கு அதுவும் போய்விட்டது.

ரெக்டர் அவனைக் கூப்பிட்டு அனுப்பினார். மேடைப் படியிலேயே உட்கார்ந்து வாழையிலையில் சோறு சாப்பிட்டுக்கொண்டிருந்தார். மடியில் ஒரு நோட்டுப் புத்தகம். ஹெந்தார்தோ பக்கத்தில் நின்றார். கிதோவும் வந்து பின்னால் நின்றார்.

"நீங்கதான் வாகிமினா? உக்காருங்க. பன்னெண்டு மணிக்கு ராடார்ல பாத்தேன். ரெண்டரைக்கு இங்க கொட்டும்னு நெனச்சுத்தான் குடை எடுத்துட்டு வந்தேன். ஆத்தோட நின்னுடுச்சு. என் கணக்கு தப்பிப்போச்சு. நீங்க என்ன பண்ணினீங்க?"

"இபு" என்று அந்த அம்மாவை மரியாதையாகக் கூப்பிட்டான். "நான் ஒண்ணும் பண்ணல. நான் பெருக்கற ஆளு."

"இவன் எப்பவும் இப்படித்தான் இபு, ரொம்ப அடக்கம்" என்று ஹெந்தார்தோ குறுக்கே வந்தார். "நேத்து காலையிலேருந்து வீட்ல பச்சைத் தண்ணி தொடல. குடும்பமே விரதம்."

"இல்லைங்க பாக், நான் சொல்ல வந்தது..."

"ஒப்பந்தத்துலயா இருக்காரு?" என்று ரெக்டர் ஹெந்தார்தோவைக் கேட்டார். "எத்தனை வருஷமா? பதினாலா? இவரு நாளைக்கு விட்டுப் போயிட்டா நான் யாரைக் கேக்கறது? பாருங்க, இதை நான் நம்பறேன்னு சொல்லல. நம்பலேன்னும் சொல்லல. இந்த நாட்ல எல்லா ஊர்லயும் செய்யறாங்க, ஒருத்தர்கூட உக்காந்து ஒழுங்கா எழுதி வைக்கல. நான் எழுதப்போறேன். இவரை நிரந்தரப் பட்டியல்ல போடுங்க. வீட்டு வாசல்ல ஒரு மழைமானி வைக்கலாம்."

"இந்த வாரமே போட்டுடறேன் இபு."

வாகிமினுக்கு அந்த ஒரு சொல்தான் கேட்டது. நிரந்தரம். பதினாலு வருஷமாகக் கனவில்கூட மெதுவாக உச்சரித்த சொல். ராத்மி பள்ளிக்கூடம் போவாள், அந்த இரண்டு அறையிலேயே துமினா கிழவி ஆவாள்.

ரெக்டர் பேனாவைத் திறந்தார். அன்பான முகம். "முதல் கேள்வி. உண்மையாவே ரெண்டு நாளா உங்க வீட்ல யாருமே தண்ணி தொடலையா?"

அவன் திரும்பிக் கிதோவைப் பார்த்தான். கிதோ தன் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"தொடலை இபு" என்றான் வாகிமின்.

அந்த அம்மா அதைத் தேதி போட்டு எழுதிக்கொண்டார்.

"நான் வாசல்லயேதான் இருந்தேன் இபு. ஒரு சொட்டு சத்தம் கேக்கல" என்றார் கிதோ, கேட்காமலேயே.

"அடுத்த மாசம் பட்டமளிப்பு மூணு நாள் வருது" என்றார் ஹெந்தார்தோ. "அதையும் எழுதிக்கலாம் இபு. இந்தத் தடவை ஒரு வாரம் முன்னாலேயே தண்ணியை நிறுத்தச் சொல்றேன்."

வீட்டுக்குத் திரும்பும் வழியில் கிதோ கூடவே வந்தார். நாற்காலியை எடுக்க வேண்டுமாம்.

"மார்ச்ல என் சின்ன பொண்ணு கல்யாணம் மின். வாசல்லதான் பந்தல். நீ வந்து பாத்துக்கணும்."

"பாக் கிதோ, உங்களுக்குத் தெரியும். தண்ணி சத்தம் கேட்டுச்சு இல்ல உங்களுக்கு?"

"கேட்டுது. அதான் சொல்றேன்" என்றார் கிதோ மரியாதையோடு. "குளிச்சும் கட்டினியே. அப்படி ஒருத்தனை நான் பாத்ததே இல்ல."

துமினா வாசலிலேயே நின்றுகொண்டிருந்தாள். காய்ச்சல் விட்டிருந்தது. ராத்மி பாயில் உட்கார்ந்து சோறு தின்றுகொண்டிருந்தாள்.

"சொல்லிட்டீங்களா மாஸ்?"

"நிரந்தரம் பண்ணிட்டாங்க துமி."

அவள் ஒரு நிமிஷம் அவனையே பார்த்தாள். சொல்லவில்லை என்பது அவளுக்குப் புரிந்துவிட்டது. இருந்தாலும் கையை எடுத்து வாயைப் பொத்திக்கொண்டாள், சந்தோஷத்தில் கண்ணில் நீர் வந்துவிட்டது. அவளை யார் குறை சொல்ல முடியும்? பிறகு உள்ளே போய் அவன் குளிக்கத் துண்டும் சோப்பும் எடுத்து வைத்தாள்.

அப்போது ஆற்றைத் தாண்டி மழை வந்துவிட்டது. ஒரே அடியாக அடித்தது. கொட்டகைப் பக்கம் நட்டிருந்த ஈர்க்குமாறு சாய்ந்து விழுந்து, வெங்காயம் சேற்றில் உருண்டது. கூரை வழக்கமான இடத்தில் ஒழுகி, ராத்மியின் பாய் ஓரத்தில் சொட்டியது.

"அப்பா, நிறுத்து" என்றாள் ராத்மி.

வாகிமின் அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்தான். சூடு இல்லாத அந்தச் சின்னக் கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டான். ஒருத்தரிடமாவது சொல்லிவிட வேண்டும் போலிருந்தது.

"அப்பாவால முடியாதுடா கண்ணு. மழையை யாராலயும் நிறுத்த முடியாது."

"முடியும். பாக் கிதோ சொன்னாரு."

"அவருக்குத் தெரியாது. அப்பா சும்மா..."

துமினா எழுந்து போய் ஜன்னலைச் சாத்தினாள். "அவகிட்ட அப்படிச் சொல்லாதீங்க மாஸ்" என்றாள் மெதுவாக. "சின்னப் பொண்ணு. வெளிய போய் யார்கிட்டயாவது சொல்லிடுவா."

ராத்மி இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தாள். பாயில் மறுபடி ஒரு சொட்டு விழுந்தது.

வாகிமின் பாயைச் சுவர்ப் பக்கம் நகர்த்திப் போட்டான்.

"நாளைக்கு நிறுத்தறேன்" என்றான். "இன்னைக்கு அப்பா களைச்சுட்டேன்."